அம்மாவோடு பஸ்ஸில் போகிறான்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் கோல்கீப்பராக இருந்த என் மகனை 16 வயதில் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். வேலை முடிந்து வாரம் மூன்று நாள் காரில் கூட்டிப்போய் நான் பட்ட பாடெல்லாம் வீண். இப்போது ஏதோ ஒரு சின்ன கிளப்பில் ஆடுகிறான். சனிக்கிழமைகளில் அம்மாவோடு பஸ்ஸில் போய்விடுவான். ஏ லெவல் என்ற பள்ளி இறுதிப் படிப்பில் கவனமே இல்லை. கேட்டால், "கோல்கீப்பர் நிக் போப்பையும் இப்படித்தான் அனுப்பினார்கள்" என்கிறான். ஃபுட்பாலை எப்படி விடவைப்பது?

பதில்: "அம்மாவோடு பஸ்ஸில்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அதே கார்தான் வாசலில் நிற்கிறது. பையனின் சட்டையில் இருந்த கிளப் சின்னம் போனதும் உங்களுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. இத்தனை வருடம் யாரைக் கூட்டிப்போனீர்கள், மகனையா, அந்தச் சின்னத்தையா?

அவன் சொன்ன ஆளைப் பற்றியாவது விசாரித்தீர்களா? நிக் போப்பை 16 வயதில் இப்ஸ்விச் டவுன் கிளப் அனுப்பிவிட்டது. அவர் பரி டவுன் என்ற சின்ன கிளப்புக்குப் போனார். காலேஜில் படித்தார், கைச்செலவுக்கு வீடுவீடாகப் பால் போட்டார். 2011-ல் சார்ல்டன் கிளப் எடுத்துக்கொண்டது. ஆனால் உடனே ஆடவிடாமல் கிளப் கிளப்பாக இரவல் கொடுத்தது. அதில் ஒன்று உங்கள் ஊர் ஹாரோ பரோ! 2016-ல் பர்ன்லி கிளப்புக்குப் போனார். அங்கேயும் முதல் வருடம் ஒரு லீக் ஆட்டம்கூட இல்லை. 2017 செப்டம்பரில் அங்கே முதல் கோல்கீப்பராக இருந்த டாம் ஹீட்டனுக்குத் தோள்பட்டை விலகிய பிறகுதான் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் இறங்கினார். அப்போது வயது 25. அடுத்த ஜூனில் இங்கிலாந்துக்கே ஆடி, உலகக் கோப்பை அணியிலும் இருந்தார்.

கோல்கீப்பர் பிழைப்பு அப்படித்தான். டீமுக்கு ஒரே இடம்; அதில் நிற்பவர் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு வழி. உங்கள் மகன் இங்கிலாந்துக்கு ஆடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். அநேகமாக ஆட மாட்டான். ஆனால் 16 வயதில் ஒரு கிளப் சொன்னதை அப்பாவும் திருப்பிச் சொன்னால், பையன் யாரிடம் போவான்?

படிப்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. போப் பெயரைச் சொல்கிறவன் அவர் காலேஜ் போனதையும் பால் போட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பரீட்சையைத் தவறவிட்டுவிட்டு அந்தப் பெயரைச் சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. அதை அவனிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். ஆனால் மைதானத்துக்கு வந்து நிற்கிற அப்பா சொன்னால்தான் அவன் காதில் ஏறும். பெற்ற பிள்ளை ஜெயிக்கிறபோது கூட நிற்க ஊரே வரும். தோற்றுப்போன பிள்ளையோடு நிற்பது அப்பாவின் கடமை. அதை முழுக்க உங்கள் மனைவி தலையில் கட்டியிருக்கிறீர்கள், குளிரிலும் மழையிலும்.

இந்தச் சனிக்கிழமை கார் சாவியை நீங்கள் எடுங்கள். மனைவியும் வரட்டும், முன் சீட்டில் உட்காரட்டும். திரும்பி வரும்போது விட்ட கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஏ லெவல் பேச்சை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.