சாலை யாருடையது, பணம் யாரிடம்?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து பேருந்துச் சாலைக்கு வருவதற்கு நான்கு கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த பாதையைக் கடக்க வேண்டும். ஊராட்சியில் கேட்டால் ஒன்றியத்துக்குப் போகச் சொல்கிறார்கள். ஒன்றியத்தில் நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டுகிறார்கள். யாரிடம்தான் கேட்பது?
– மானூர் வட்டார வாசகர்

பதில்: அந்தச் சாலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், பணம் எங்கிருந்து வரும் என்பதை அந்தப் பதிவேடுதான் தீர்மானிக்கிறது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் கிராம ஊராட்சிச் சாலைகளும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லையும் பாருங்கள். அதன் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்டது. ஆரஞ்சுக் கல் என்றால் உங்கள் வேலை எளிது. அத்திட்டத்தில் சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ள விதி. பணி முடிந்த தேதி சாலைத் தொடக்கத்துப் பலகையில் எழுதப்பட்டிருக்கும்.

கல்லே இல்லாத ஊராட்சிச் சாலை என்றால் நிலைமை கடினம்தான். பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் தெருவிளக்கு, சாலை முதலிய மற்ற எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. நான்கு கிலோமீட்டர் தார்ச்சாலையை ஒரு சிற்றூராட்சி அந்தப் பணத்தில் போட்டுவிட முடியாது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி; பின்னதை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கிட வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே, சாலையை இதர மாவட்டச் சாலையாகத் தரம் உயர்த்தக் கோருவதும், முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கக் கோருவதும்தான் பலன் தரக்கூடிய வழிகள்.

கோரிக்கையை வெறும் மனுவாகக் கொடுக்காமல் கிராமசபைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சாலையின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், அதில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவை தீர்மானத்திலேயே இருக்கட்டும். இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள்: குளம் நிரம்பி வழியும் நீர் செல்லும் மறுகால் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் குழாய் போதாது, சிறுபாலமே வேண்டும் என்று மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நம் திருநெல்வேலிப் பகுதியில் எத்தனை சாலைகள் அறுந்து ஊர்கள் தனித்துப் போயின என்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு வழி விடாத சாலை அடுத்த ஐப்பசி கார்த்திகைக்குத் தாங்காது.

கேள்வி: எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை மட்டுமே பேருந்து வருகிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பது எங்களுக்கு எப்படிப் பயன்படும்?
– முக்கூடல் அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கேள்வி முழுக்க முழுக்க நியாயமானது. 2021 மே மாதம் தொடங்கிய இத்திட்டத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் செய்யும் பெண்களுக்கான கட்டணத்தை அரசே போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அதற்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பணம் ஓடுகிற பேருந்தைப் பின்தொடர்ந்துதான் செல்கிறது, ஓடாத ஊருக்குப் பேருந்தை அது கொண்டுவருவதில்லை. சுற்றி முடித்த பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிவர வேண்டிய பெண், காலை நடையைத் தவறவிட்டால் அன்றைய கூலியில் ஒரு பங்கை ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார். அவருக்குத் தேவை இன்னும் இரண்டு நடை.

கூடுதல் நடைக்கும் வழித்தட நீட்டிப்புக்கும் பணிமனைக் கிளை மேலாளரிடமும் கழகத்தின் திருநெல்வேலி தலைமையிடத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி அந்தக் கணக்கையும் இணையுங்கள். சிற்றுந்து (மினி பஸ்) மற்றொரு வழி. 1997-இல் வந்த பழைய திட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள புதிய விரிவான திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்து வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். அனுமதி வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர் என்பதால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நேரடியாகவே கேட்கலாம்.

கேள்வி: சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் ஆற்றுப் பாலம் கட்டினார் என்கிறார்களே, இன்றும் செல்வந்தர்கள் முன்வந்தால் என்ன?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேல் நாம் இன்றும் நன்றியோடுதான் செல்கிறோம். ஆனால் ஒரு பாலத்தைக் கொடையால் கட்டிவிடலாம்; அதை ஆண்டுதோறும் காப்பதற்கு ஒரு நிதித் தலைப்பு வேண்டும், கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் வேண்டும். அவற்றை வரிப்பணம்தான் தர முடியும்.

கேள்வி: 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்த பிறகும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் திருநெல்வேலிக்குத்தான் வருகிறோம். இரு மாவட்டத்துக்கும் சேர்த்துத் திட்டமிட அமைப்பு உண்டா?
– ஆலங்குளம் வாசகர்

பதில்: மாவட்ட எல்லை மாறினாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் வழி மாறவில்லை. அரசியலமைப்பின் 243-இசட்.டி. பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் பொதுவான நிலப் பயன்பாடு, நீர்ப் பகிர்வு, அடிப்படைக் கட்டமைப்பு ஆகியவற்றை ஒன்றாக வைத்து வரைவுத் திட்டம் தயாரித்து மாநில அரசுக்கு அனுப்புவது அதன் கடமை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். இரு மாவட்டங்களைத் தழுவும் திட்டத்துக்கு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மண்டலத் திட்டம் என்ற ஏற்பாடு உண்டு. ஆகச் சட்டத்தில் குறையில்லை.

குறை எங்கே நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. மாநகராட்சி மாமன்றம் 2022 மார்ச்சில்தான் பதவியேற்றது. திருநெல்வேலி சீர்மிகு நகரத் திட்டத்துக்கு (ஸ்மார்ட் சிட்டி) தேர்வானது 2017 ஜூனில். ஒன்றிய அரசின் பங்கு 500 கோடி ரூபாய் வரை, மாநிலத்தின் பங்கும் அதற்கு இணையாக. மாவட்டம் இரண்டானதும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இல்லாத அந்த இடைவெளியில்தான். இந்த ஊர் கண்ட பெரிய தொகை செலவான ஆண்டுகளில், சந்திப்புப் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டும்போது ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பயணிகள் எங்கே நிற்பார்கள் என்று கேட்கும் உரிமையுள்ள ஒரு மாமன்ற உறுப்பினரும் இல்லை, மாவட்ட ஊராட்சி உறுப்பினரும் இல்லை. மழையிலும் வெயிலிலும் சாலையோரம் நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியின் விலை தெரியும்.

எனவே நீங்கள் இப்போது செய்யக்கூடியது இது: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, வரைவுத் திட்டம் அரசுக்கு அனுப்பப்பட்டதா, அதில் திருநெல்வேலி – ஆலங்குளம் – தென்காசி வழித்தடத்தின் பேருந்துத் தேவை இடம்பெற்றிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள். இதே பகுதியில் வெளியிடுகிறோம்.