மேடை நடனப் படம்: முகம் வெளுப்பதும் கை கலங்குவதும் ஒரே கோளாறுதான்

கேள்வி: மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சியை, கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில், ஆட்டோவில் எடுத்தேன். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, கைகள் எல்லாம் கலங்கல். படத் தகவலில் ஷட்டர் 1/60 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 என்று காட்டுகிறது. அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி. ஐஎஸ்ஓவை ஏற்றட்டுமா, புது லென்ஸ் வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். வில்லன் மேடையில் ஆடுபவருக்குப் பின்னால் தொங்கும் கறுப்புத் திரை. ஆட்டோவில் கேமராவின் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி, ஃபிரேம் முழுவதையும் சேர்த்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். முக்கால்வாசி கறுப்பாக இருந்தால், ஒரே இருட்டு என்று நினைத்து ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்துவிடும். கூடுதலாக வந்த வெளிச்சத்தில் முகம் வெளுத்தது, கூடுதலாக எடுத்த நேரத்தில் கை கலங்கியது.

அதனால் மருந்தும் ஒன்றுதான். 1/60-ஐ 1/250 ஆக்கினால் உள்ளே போகும் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). முகம் தன் நிறத்துக்கு வரும், முத்திரையும் தெளிவாக நிற்கும், ஐஎஸ்ஓவைத் தொடவே வேண்டாம்.

டயலை 'எம்'முக்கு (மேனுவல்) திருப்புங்கள். ஐஎஸ்ஓ 3200, அப்பர்ச்சர் அந்த ஜூமில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஷட்டர் 1/250. ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஷட்டரில் குறைத்ததை அது பின்வாசல் வழியாக ஏற்றிவிடும், படம் மறுபடி வெளுக்கும். முதல் உருப்படியான அலாரிப்பு தொடங்கியதும் நாலைந்து படம் எடுத்து, கேமராவின் திரையில் பெரிதாக்கிக் கன்னத்தைப் பாருங்கள். ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டிருந்தால் வெளுத்த இடம் சிமிட்டும். நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் சிமிட்டினால் பரவாயில்லை. கன்னம் சிமிட்டினால் ஷட்டரை 1/320க்கு ஏற்றுங்கள். முகம் இருண்டிருந்தால், அப்போதுதான் ஐஎஸ்ஓ 6400. புள்ளி புள்ளியாகத்தான் வரும், ஆனால் புள்ளியைப் பின்னால் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது. விளக்குக்காரர் வெளிச்சத்தை மாற்றும்போதெல்லாம் கன்னத்தை மறுபடி ஒரு பார்வை பாருங்கள்.

வேகமான ஜதிக்கு 1/250 கூடப் போதாமல் போகலாம். அங்கே செட்டிங்கைவிடக் காதுதான் உதவும்: ஜதியை முடித்து வைக்கும் தீர்மானம் முடிகிற இடத்தில் ஆடுபவர் ஒரு கணம் அப்படியே நிற்பார், தாளத்தைக் கவனித்து அங்கே அழுத்துங்கள். பதம், அபிநயம் என்று நிதானமாகப் போகும்போது 1/125 போதும், ஐஎஸ்ஓவையும் 1600க்கு இறக்கிவிடலாம்.

ஃபிளாஷ் போடவில்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. பத்தாவது வரிசையிலிருந்து கேமராவின் சின்ன ஃபிளாஷைப் போட்டால் முன்வரிசைக்காரர்களின் பின்மண்டைதான் பளிச்சென்று விழும்.

லென்ஸ் பிறகு வாங்குவதானால் 50 எம்எம் எஃப் 1.8. எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் அதில் ஜூம் கிடையாது, இரண்டாவது மூன்றாவது வரிசையில் இடம் கிடைக்குமா என்று முதலில் நடன ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.