ஒற்றைப் பெயருக்கு ஓட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாலத்தீவில் 2008-ல்தான் உண்மையான அதிபர் தேர்தல் நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்துல் கயூம் 30 ஆண்டுகள் ஆண்டபோது ஆறு முறையும் மக்கள் வாக்களித்துத்தானே வந்தார்? 2003-ல்கூட 90 விழுக்காடு. அங்கே ஆசிரியராக இருந்த என் சித்தப்பா அதைப் பொற்காலம் என்பார். கயூமைச் சர்வாதிகாரி என்பது நியாயமா?

க., நாகர்கோவில்

அன்புள்ள க.,

மக்கள் வாக்களித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் யாரை எதிர்த்து நின்று அந்த வாக்குகளை வாங்கினார்? யாரையும் எதிர்த்து அல்ல. அன்றைய முறைப்படி நாடாளுமன்றமான மஜ்லிஸ் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பெயருக்குச் சம்மதமா, இல்லையா என்பதை மட்டும் மக்கள் சொல்லலாம். மஜ்லிஸின் 50 உறுப்பினர்களில் 8 பேரை நியமிப்பவரும் அதிபரே. 2005 வரை கட்சிகள் கிடையாது. 1993-ல் மஜ்லிஸுக்குள் கயூமை எதிர்த்து நின்றவர் அவருடைய மைத்துனர் இலியாஸ் இப்ராஹிம். வாங்கியது 18 வாக்குகள். அப்புறம் வழக்கு, தண்டனை. சொந்த மைத்துனருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

நீங்கள் சொல்லும் 2003-க்கு வருகிறேன். அந்தச் செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் எவன் நசீம் என்ற இளைஞர் காவலர்களால் அடித்தே கொல்லப்பட்டார். மகனின் உடலிலிருந்த காயங்களை அவருடைய தாயார் ஊரறியக் காட்டினார். தலைநகர் மாலேயில் கலவரம் வெடித்தது. அடுத்த மாதமே கயூமுக்கு 90 விழுக்காடு! இந்தக் கணக்கை நம்பச் சொல்கிறீர்களா?

சித்தப்பா சொல்வதை முழுக்கத் தள்ளமாட்டேன். பள்ளிகள் பெருகின, பணமும் புழங்கியது. ஆனால் அந்தப் பணத்துக்கு வழிவகுத்த சுற்றுலாத் தொழில், முந்தைய அதிபர் இப்ராஹிம் நாசிர் காலத்தில், 1972-லேயே தொடங்கிவிட்டது.

2008-ல் பலர் போட்டியிட்டதும் முதல் சுற்றில் கயூமுக்குக் கிடைத்தது சுமார் 40 விழுக்காடு. இரண்டாம் சுற்றில், அவரது ஆட்சியில் பலமுறை சிறை சென்ற முகமது நஷீத் வென்றார். அதன்பின் பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்ட வஹீத், யாமீன், சோலி மூவருமே தோற்றார்கள்.

இதில் யாமீன், கயூமின் மாற்றாந்தாய்த் தம்பி. 2018-ல் எதிரணியோடு சேர்ந்த அண்ணனையே உள்ளே தள்ளினார். கைபேசியைப் போலீசிடம் தர மறுத்ததற்காக முன்னாள் அதிபருக்கு 19 மாதச் சிறைத்தண்டனை. செப்டம்பர் தேர்தலில் யாமீன் தோற்றார். ஒரே வாரத்தில் கயூம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்.