டூட்டூ பாவாடை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பாலே நடனத்தில் பெண்கள் அணியும் டூட்டூவைப் பற்றிக் கேட்கலாம் என்றதும் நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். பாலே உடைகள் தைப்பதுதான் என் தொழில். அதனால் வரலாறு கேட்டாலும் பதிலில் கொஞ்சம் தையல் கலந்துதான் வரும்.

கேள்வி: இதை முதலில் அணிந்தவர் யார்?

மரீ தாலியோனி என்ற நடனக்காரி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 1832 மார்ச் 12, பாரிஸ் ஓபரா அரங்கில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறியது. மகளுக்காகவே அப்பா ஃபிலிப்போ தாலியோனி அமைத்த நடனம் அது. கல்யாணம் நிச்சயமான ஒரு ஸ்காட்லாந்து இளைஞனின் மனதைக் காற்றில் வாழும் தேவதை ஒருத்தி கலைத்துவிடுகிறாள். அந்தத் தேவதைக்குத்தான் கெண்டைக்கால் வரை வரும் வெள்ளை மணி வடிவப் பாவாடை. ஓபராவில் அப்போது காஸ் விளக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மங்கலான அந்த வெளிச்சத்தில், மெல்லிய வெள்ளைத் துணியில், நுனிக்காலில் ஒரு பெண் நகர்ந்தால் தரையில் கால் படுகிறதா என்றே சந்தேகம் வரும். விளக்கு, துணி, நுனிக்கால் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது.

ஆனால் பாவாடையைக் குட்டையாக்கும் துணிச்சல் தாலியோனிக்கு நூறு வருடம் முன்பே வந்துவிட்டது. மரீ கமார்கோ என்ற நடனக்காரி தன் வேகமான கால்வேலை தெரிய வேண்டும் என்று கணுக்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

கேள்வி: அக்கா, அந்த நீளப் பாவாடைதானே அழகு? ஏன் இடுப்பிலேயே தட்டு மாதிரி ஆக்கினார்கள்?

கமார்கோ சொன்ன அதே காரணம்தான்: கால். 1880களில் இத்தாலிய நடனக்காரிகள் ரஷ்யாவுக்குப் போனபோது சுழற்சியும் வேகமும் கூடின. வர்ஜீனியா சுக்கி அங்கே குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியெரினா லென்யானி 'ஸ்வான் லேக்' பாலேயில் ஒற்றைக்காலில் 32 சுற்று சுற்றினார். அப்போதும் பாவாடை தொடையை மூடித்தான் தொங்கியது. கிடையாக நிற்கும் தட்டு வடிவம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

நீளமானது ஒழிந்துவிடவில்லை. 'ஜிசெல்' பாலேயின் இரண்டாம் அங்கத்தில் ஆவிகள் கூட்டமாக வரும்போது அதுதான் வேண்டும். அங்கே தட்டு டூட்டூ போட்டால் அந்த மயக்கமே போய்விடும்.

கேள்வி: டூட்டூவில் தீப்பிடித்து நடனக்காரி இறந்தார் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. எம்மா லிவ்ரி, மரீ தாலியோனியின் செல்ல மாணவி. 1862 நவம்பர் 15, பாரிஸ் ஓபராவில் ஒத்திகை. மேடைக்குள் போகுமுன் பாவாடையை உதறி விரித்திருக்கிறார். பக்கத்தில் காஸ் விளக்கு. மெல்லிய துணி, அடுக்குக்கு நடுவே காற்று, தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். இருபதை ஒட்டிய வயது.

தீப்பிடிக்காத மாதிரி துணியை ரசாயனக் கரைசலில் நனைக்கும் முறை அப்போதே இருந்தது. ஆனால் துணி விறைத்து, மஞ்சளடித்துவிடும். லிவ்ரி வேண்டாம் என்று மறுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விறைத்த பாவாடையில் அந்த நடனத்தை ஆடவே முடியாது. ஆபத்தான விளக்கை மாற்றியிருக்க வேண்டியது அரங்கம். இன்னொன்று நெஞ்சை அடைக்கும். மரீ தாலியோனி அமைத்த ஒரே பாலே, 1860இல் லிவ்ரிக்காகச் செய்த 'பட்டாம்பூச்சி'. அதில் நாயகி தீப்பந்தத்தில் சிறகு பொசுங்கி விழுவாள்.

எரிந்த உடையின் மிச்சம் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

கேள்வி: நான் டெய்லர். லெஹங்காவுக்கு உள்ளே கேன்கேன் (விறைப்பான நெட் உள்பாவாடை) வைப்பதுபோலத்தானா இதுவும்?

துணி உறவுக்காரர்தான், வேலை வேறு. கேன்கேன் மேல்துணியைத் தாங்கும்; இங்கே நெட் தன்னைத்தானே தாங்க வேண்டும். சாதாரணமாக 10, 12 அடுக்கு. ஒரு ஜட்டியில் கீழிருந்து மேலாக அடுக்கிக்கொண்டே வருவோம். கால் ஓரத்தில் இருப்பது இரண்டு விரல் அகலம்தான். மேலே போகப் போக அகலம் கூடும். சிலவற்றில் நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகு வளையம் கோப்போம்.

அப்புறம்தான் உயிர் போகிற கைவேலை. அடுக்குகளை ஒன்றோடொன்று நூலால் தளர்வாகப் பிடித்துத் தைக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் அமுங்கிவிடும், விட்டுப் பிடித்தால் அடுக்கு கலைந்து தொங்கும். முதுகில் கொக்கிகளை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி வைப்போம். அப்போதுதான் ஆடும்போது கழன்று வராது. ஒரே உடையைப் பலர் அணிவார்கள் என்பதால் கொக்கி மாட்டும் வளையங்கள் இரண்டு மூன்று வரிசை இருக்கும்.

மேல்சட்டைக்குக் கரின்ஸ்காவைப் பாருங்கள். உக்ரைனின் கார்கிவில் பிறந்து நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சினுக்காகத் தைத்தவர். நாம் ப்ளவுஸுக்குச் செய்யும் கிராஸ் கட்டிங்கை அவர் மேல்சட்டையின் துண்டுகளில் பயன்படுத்தினார், ஆடுபவர் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1950இல் எஃகு வளையமே இல்லாத, மென்மையாகத் தழையும் குட்டை டூட்டூவையும் கொண்டுவந்தார். பலர் நெருக்கி ஆடும்போது ஒருவர் பாவாடை இன்னொருவரை இடித்துத் தூக்காது. என்னைக் கேட்டால் டூட்டூ தைத்தவர்களில் அவருக்குத்தான் முதலிடம்.

கேள்வி: ஆண்கள் அணிவதுண்டா?

உண்டு. 1974இல் நியூயார்க்கில் தொடங்கிய ட்ராக்கடேரோ குழுவில் ஆண்களே டூட்டூ அணிந்து நுனிக்காலில் ஆடுகிறார்கள். சிரிக்க வைப்பார்கள், ஆனால் நடனம் சுத்தமாக இருக்கும்.

கேள்வி: நம் ஊருக்கும் பாலேவுக்கும் ஏதாவது தொடர்பு?

ருக்மிணி தேவி அருண்டேல். ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்றவர். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவா தூண்ட, பரதநாட்டியத்துக்கு வந்தார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

கேள்வி: மகளுக்கு வாடகைக்கு ஒன்று எடுத்திருக்கிறோம். வியர்வை நாற்றம் அடிக்கிறது. துவைக்கலாமா?

வேண்டாம், தண்ணீரில் போட்டால் விறைப்பு போய்விடும். உடை அறைகளில் வோட்காவைத் தெளிப்பானில் ஊற்றி அக்குள், முதுகுப் பக்கம் தெளித்துக் காயவிடுவார்கள், வாடை போய்விடும். உள்பக்கமாக மட்டும், முதலில் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டுத் தெளியுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அடுக்குகள் தானாக நிமிரும். மகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்காரக் கூடாது.