பட்டம் பெற்றும் ஆட்டிசம் உள்ள இளைஞருக்கு வேலை கிடைக்காதது ஏன்?

உங்கள் அண்ணன் மகனுக்கு ஆட்டிசம் உண்டு, பி.காம். முடித்து இரண்டு ஆண்டுகளாக நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான், ஒன்றிலும் தேறவில்லை, அவனிடம் என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பி.காம். படித்தவன். வடசென்னையின் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு ஆட்டிசம் இருப்பது 26 வயதில்தான் உறுதியாயிற்று. மருத்துவனாகவோ சட்டம் அறிந்தவனாகவோ அல்லாமல், அதே வரிசையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் நேர்காணல்தான். கணக்கு எழுதும் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் பதினைந்து நிமிடத்துக்குள் பார்ப்பதெல்லாம் வந்தவன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, தயங்காமல் பதில் சொல்கிறானா, கலகலப்பாக இருக்கிறானா என்பதைத்தான். ஒரு பேரேட்டைக் கொடுத்து இதில் எங்கே தவறு என்று கேட்டிருந்தால், நான் தோற்ற பல இடங்களில் வென்றிருப்பேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு எங்கிருந்து தொடங்குவது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. ஒருமுறை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தேன் என்று தொடங்கினேன். எதிரே இருந்த மூவரும் நான் வேடிக்கை செய்வதாக எண்ணிச் சிரித்தார்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் அவர் கேட்பது என் மனதில் நிற்பதில்லை. கேள்வியைக் கவனிக்க வேண்டுமென்றால் சுவரையோ மேசையையோதான் பார்க்க வேண்டும். அதை அலட்சியம் என்றோ பொய் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வரும் நேர்காணல்களில் பெரும்பாலானவை நகரின் மறுகோடியில் உள்ள பழைய மகாபலிபுரம் சாலையில் நடக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி ஒலிப்பான்களில் தொடங்கி, இரண்டு பேருந்து மாறி அங்கே போய்ச் சேரும்போதே அன்றைக்குப் பேசுவதற்கு என்று இருந்த தெம்பெல்லாம் தீர்ந்திருக்கும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். நம் அரசுப் படிவங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. எனக்குள்ள தொல்லையோ புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருவதுதான். குழல் விளக்கின் மினுக்கல், பக்கத்து மேசையின் கைப்பேசி மணி, மின்விசிறியின் கிறீச்சொலி, சமையல் எண்ணெய் வாசனை ஆகிய எல்லாம் ஒரே அளவில் வந்து மோதும். மற்றவர்களுக்கு அவை தாமாகவே பின்னால் ஒதுங்கிக்கொள்கின்றன என்பதையே நான் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வேலை கிடைப்பதைவிட அதில் நிலைப்பது இன்னும் கடினம் என்பதையும் உங்கள் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். துறைமுகச் சரக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதங்கள் இருந்தேன். பில்களை "சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு அனுப்பு" என்றார் மேலாளர். நான் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன், வேலை தேங்கியது. 'சும்மா' என்பதற்கு எத்தனை நிமிடம் என்று கேட்டபோது, எதிர்த்துப் பேசுவதாகக் கோபித்துக்கொண்டார். வாடிக்கையாளர் முன்னிலையில் அவர் தவறாகச் சொன்ன தொகையை நான் திருத்தியது அதைவிடப் பெரிய குற்றமாயிற்று. அங்கே என்னை நீக்கிய அன்று கணக்கில் பிழை என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்க உடன் வருவதில்லை, யாருடனும் ஒட்டுவதில்லை, அட்ஜஸ்ட் பண்ணத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். அந்த டீக்கடைப் பத்து நிமிடத்தில்தான் பாதி அலுவலகம் நடந்திருக்கிறது, யாரிடம் எதை எப்போது கேட்கலாம் என்பதெல்லாம் அங்கேதான் பரிமாறப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சட்டத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றபோது அதுவும் சேர்ந்தது. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 1 விழுக்காடு போக, மீதமுள்ள 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்ற சான்றிதழ் வேண்டும்.

அந்தச் சான்றிதழில்தான் நன்றாகப் பேசுகிற, பட்டம் வாங்கிய பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அதற்கென உள்ள இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்டினால்தான் அந்த 40 விழுக்காடு கிடைக்கும். நேரில் கவனிப்பதோடு பெற்றோரிடமும் கேட்டு மதிப்பிடுவார்கள். என் அம்மா, பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எதைக் கேட்டாலும் "அவன் நல்லாத்தான் இருக்கான் டாக்டர், யார் வம்புக்கும் போக மாட்டான்" என்றார். முதல் முறை 70ஐத் தொடவில்லை. வேலைக்குப் போனால் இவன் இயல்பாக இல்லை, மருத்துவமனைக்குப் போனால் இவன் இயல்பாகத்தான் இருக்கிறான் என்ற நிலையில் ஓராண்டு கழிந்தது. உங்கள் அண்ணியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவன் நன்றாக இருந்த நாட்களை அன்று பேச வேண்டாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றிப் பேசட்டும்.

எனக்கு வேலை கிடைத்த விதம் இதில் எதையும் சார்ந்ததல்ல. என் தாய்மாமா பாரிமுனைப் பக்கம் போல்ட், நட் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியிடம் அழைத்துப் போனார். அண்ணாச்சி என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பையன் ஒரு வாரம் வந்து உக்காரட்டும், பாப்போம்" என்று மாமாவிடம் சொன்னதோடு சரி. கிடங்கின் சரக்கிருப்பை எடுக்கச் சொன்னார். அளவு, மரையின் வகை, உலோகம் என்று பிரித்து நான் எழுதிய பட்டியலில், பித்தளை நட்டுகளை இரும்புக்குரிய 7318 என்ற ஜி.எஸ்.டி. குறியீட்டில் பதிந்திருந்தது தெரிந்தது. செம்பிலும் பித்தளை போன்ற அதன் கலவையிலும் செய்த நட்டுகள் 7415இல் வர வேண்டும். ஐந்தாம் நாள் அண்ணாச்சி சாவிக்கொத்தில் ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வேலை நியமன ஆணை என்று சொன்னால் அதுதான். கிடங்கின் மூத்த தொழிலாளி மட்டும் சில நாள் "இன்னாப்பா, மூஞ்சப் பாத்துப் பேச மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு பழகிவிட்டார்.

டென்மார்க்கில் 2004இல் தொடங்கப்பட்ட ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுப்பதற்காக நேர்காணலுக்குப் பதில் லெகோ என்ற விளையாட்டுத் துண்டுகளைக் கொடுத்து ரோபோக்களைச் செய்ய வைத்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்ததைப் பின்னாளில் படித்தேன். அண்ணாச்சி அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் செய்ததென்னவோ அதைத்தான். வடசென்னையின் சிறு வணிகத்தில் இந்த 'வந்து உட்காரட்டும்' என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது என்பதால், பெரிய நிறுவனங்களின் வாசலில் மட்டும் நின்றுகொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வழியை மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை, முதலாளியின் மனநிலை மாறினால் வேலையும் மாறும். பெண் பிள்ளைகளைத் தெரியாத கிடங்குக்கு அனுப்ப வீட்டார் தயங்குவதால், அவர்களுக்கு இந்தக் கதவு பாதிதான் திறக்கிறது. பேச்சே வராத, நாள் முழுவதும் துணை தேவைப்படுகிற ஆட்டிசம் உள்ளவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்கள் சார்பாக நான் பேசுவது முறையாகாது.

உங்கள் அண்ணன் மகனுக்கு ஒரு வாரச் சோதனை வேலை கேட்டுப் பாருங்கள். ஆட்டிசம் என்ற சொல்லைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். நான் சொல்லவில்லை, "சத்தம் தாங்காது, சொல்வதை எழுதிக் கொடுத்தால் தவறாமல் செய்வேன்" என்று மட்டும் சொன்னேன், சுவரோரத்தில் ஓர் இடம் கிடைத்தது. சட்டம் இத்தகைய வசதியை நியாயமான தகவமைப்பு என்று கூறி, அரசு நிறுவனங்கள் தம் பணியாளருக்கு அதைச் செய்து தரவேண்டும் என்கிறது. கடையில் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சம்பளம் பேசும்போது மட்டும் நீங்களோ உங்கள் அண்ணனோ கட்டாயம் உடன் இருங்கள். அண்ணாச்சி முதலில் ஒரு தொகையைச் சொன்னார். அது பேரம் பேசுவதற்காகச் சொல்லப்படும் தொகை என்று தெரியாமல் நான் சரி என்றேன். அதே வேலைக்குப் பக்கத்துக் கடையில் என்ன கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.