எந்தப் பேப்பர் எந்தக் கட்சி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. படிக்க லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஹாரோ பக்கம் ஒரு பேப்பர் கடையில் வாரத்தில் மூன்று நாள் வேலை. விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டுகளைப் பிரித்துத் தட்டில் அடுக்குவது என் பொறுப்பு. பட்ஜெட்டுக்கு மறுநாள் அடுக்கும்போது குழம்பிப் போனேன். ஒரு பேப்பரில் நாடே கொள்ளைபோன மாதிரி தலைப்பு, பக்கத்திலேயே இன்னொன்றில் ஏழைகளுக்கு விடிவு பிறந்த மாதிரி. கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் கேட்டால், “எனக்கு உந்த அரசியல் தெரியாது தம்பி. ஆனா ஆர் எந்தப் பேப்பர் எடுப்பினம் எண்டு உள்ளுக்க வரேக்கையே சொல்லுவன்” என்று சிரிக்கிறார். எந்தப் பேப்பர் எந்தக் கட்சி, எது நடுநிலை என்று சொன்னால் அதை மட்டும் படிப்பேன்.

க., லண்டன்

அன்புள்ள க.,

பட்டியல் வேண்டுமென்றால் நாலு வரியில் முடிந்துவிடும். டெலிகிராஃப், மெயில், எக்ஸ்பிரஸ் மூன்றும் வலதுசாரிக் கட்சியான கன்சர்வேடிவ் பக்கம். அந்தக் கட்சிக்கு டோரி என்றும் பெயர். அதனால் டெலிகிராஃபை ‘டோரிகிராஃப்’ என்றே கேலி செய்வார்கள். மிரர் 1945 முதல் எந்தப் பொதுத்தேர்தலிலும் இடதுசாரித் தொழிற்கட்சியை விட்டதில்லை. கார்டியன் இடது சாய்வு. ஆனாலும் 2010இல் மூன்றாவது கட்சியான லிபரல் டெமாக்ராட்டுகளுக்கு ஓட்டுக் கேட்டது. டைம்ஸ் மிதமான வலது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் பணக்காரர்களின் பேப்பர்தானே என்று நினைப்போம், அது 1992இல் தொழிற்கட்சியை ஆதரித்தது. மார்னிங் ஸ்டார் கம்யூனிஸ்ட் பேப்பர். சன் தனிக்கதை, பிறகு வருகிறேன்.

ஆனால் இந்தப் பட்டியலைவிட உங்கள் முதலாளி சொன்னதுதான் சரியான பதில் என்று எனக்குப் படுகிறது. பேப்பரின் சாய்வு என்றாலே நாம் அதன் ஓனரைத்தான் பார்க்கிறோம். உங்கள் முதலாளியோ பேப்பர் வாங்குகிறவர்களைப் பார்க்கிறார்.

2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது டெய்லி மெயில் விலகச் சொன்னது. அதே கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரான மெயில் ஆன் சண்டே இருக்கச் சொன்னது. ரூபர்ட் முர்டாக்கின் டைம்ஸ் இருக்கச் சொன்னது, அவருடைய சண்டே டைம்ஸ் விலகச் சொன்னது. 2018இல் மிரரை நடத்தும் கம்பெனி எக்ஸ்பிரஸையும் வாங்கிவிட்டது. நீங்கள் தட்டின் இரண்டு ஓரங்களில் அடுக்குகிற அந்த இரண்டின் வரவுசெலவும் இன்று ஒரே கல்லாவில்தான். வாங்கியதும் எக்ஸ்பிரஸ் தொழிற்கட்சிக்குத் தாவியதா என்றால் இல்லை. தாவினால் வாசகர் போய்விடுவார். அதற்கா காசு கொடுத்து வாங்கினார்கள்?

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் 2015 தேர்தல். ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு, லண்டனில் வந்த சன் பேப்பரில் கன்சர்வேடிவ் பிரதமர் டேவிட் கேமரனைக் கைக்குழந்தையாகப் படம் போட்டு, அவருக்கே ஓட்டுப் போடுங்கள் என்றது. அரச குடும்பத்தில் அப்போது ஒரு பிரசவம் எதிர்பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதே நாள், அதே சன்னின் ஸ்காட்லாந்துப் பதிப்பில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சித் தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜன் கையில் ஒளிவாளோடு நிற்கிறார், ஸ்டார் வார்ஸ் சினிமா இளவரசி மாதிரி. அங்கே அவர் கட்சிக்கு ஓட்டுக் கேட்டார்கள். கேமரன் கட்சிக்கும் அந்தக் கட்சிக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு முதலாளி, ஒரு பெயர், ஒரே காலை, ஆனால் இரண்டு கொள்கை. இதைக் கொள்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சன்னின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. டெய்லி ஹெரால்டு என்று தொழிற்சங்கங்களின் பேப்பர் ஒன்று இருந்தது. 1964இல் அதற்குப் பதிலாக வந்ததுதான் சன். 1969இல் முர்டாக் வாங்கினார். அடுத்த வருடத் தேர்தலில்கூடத் தொழிற்கட்சிக்குத்தான் ஆதரவு. 1979இல் கன்சர்வேடிவ் தலைவர் தாட்சர் பக்கம் வந்தாயிற்று. 1992 ஓட்டுப்பதிவு நாளில் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு பல்புக்குள் வைத்து, இவர் ஜெயித்தால் நாட்டைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். அவர் தோற்றதும் ‘ஜெயிக்க வைத்தது நாங்கள்தான்’ என்று தெருப்பேச்சு இங்கிலீஷில் மார்தட்டினார்கள். அந்தத் தலைப்பு ரசனைகெட்டது, தவறானது என்று இருபது வருடம் கழித்து முர்டாக்கே விசாரணை ஆணையத்தில் சொன்னார். 1997இல் தொழிற்கட்சித் தலைவர் டோனி பிளேர் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு பிளேர். 2009இல் தொழிற்கட்சி தேறாது என்று தெரிந்ததும் கன்சர்வேடிவ். 2024இல் ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் மறுபடி தொழிற்கட்சி. ஓடுகிற குதிரையைப் பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டுகிறவனை ஜோசியன் என்று சொல்ல முடியுமா?

சரி, அதற்காக இவர்களைப் பாவப்பட்ட வியாபாரிகள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1924 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, மாஸ்கோவிலிருந்து சோவியத் தலைவர்களில் ஒருவரான ஜினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தை டெய்லி மெயில் வெளியிட்டது, பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளுக்குப் புரட்சி உபதேசம் செய்கிற கடிதம். அது போலி என்பதே பிற்கால முடிவு. முதல் தொழிற்கட்சி அரசு அந்தத் தேர்தலில் கவிழ்ந்தது. கடிதம்தான் கவிழ்த்தது என்று ரொம்பநாள் நம்பினார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தால் தொழிற்கட்சிக்கு முந்தைய தேர்தலைவிட ஓட்டு கூடியிருக்கிறது. நொறுங்கியது லிபரல் கட்சி. ஏற்கெனவே பயந்திருந்தவர்களைத்தான் மெயில் இன்னும் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

நமக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஜாலியன்வாலாபாக்கில் சுடச்சொன்ன ஜெனரல் டயரைப் பதவியிலிருந்து விலக்கியபோது, லண்டன் மார்னிங் போஸ்ட் அவருக்காக நிதி திரட்டியது. சுமார் 26,000 பவுண்டு சேர்ந்தது. அன்றைக்கு அது பெரிய காசு. அதைக் கொட்டிக் கொடுத்தது ஓனரில்லை, வாசகர்கள். அந்தப் பேப்பரை 1937இல் டெலிகிராஃப் விழுங்கிவிட்டது.

நடுநிலை கேட்டிருந்தீர்கள். டிவிக்கும் ரேடியோவுக்கும் நடுநிலை சட்டப்படி கட்டாயம், ஆஃப்காம் என்கிற ஒழுங்குமுறை அமைப்பு கண்காணிக்கிறது. பேப்பருக்கு அப்படிக் கிடையாது. பெரும்பாலான பேப்பர்கள் ஏற்றிருக்கும் நெறிமுறையே, பிரசாரம் செய்துகொள், ஆனால் கருத்தையும் செய்தியையும் கலக்காதே என்கிறது. கலப்பது தலைப்பில்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நடவடிக்கையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு அவ்வளவுதான். மறுநாள் மெயிலில் விக் வைத்த மூன்று நீதிபதிகளின் படம், கீழே ‘மக்களின் எதிரிகள்’. டெலிகிராஃபில் ‘நீதிபதிகளா, மக்களா’ என்கிற தொனி. எட்டாம் பக்கத்துத் தலையங்கத்தைப் படித்தா சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும்?

உங்கள் தட்டில் நடுநிலைக்குக் கொஞ்சம் கிட்டே வருவது ‘ஐ’ பேப்பர். தேர்தலில் எந்தக் கட்சியையும் ஆதரிப்பதில்லை. 2019 முதல் அதன் ஓனர் யார் தெரியுமா? டெய்லி மெயில் கம்பெனி. கட்சி வேண்டாம் என்கிற வாசகருக்கும் அவர்களிடம் சரக்கு இருக்கிறது.

ஒன்றை மட்டும் படிப்பேன் என்கிறீர்களே, அது வேண்டாம். தினமும் எல்லாவற்றின் முதல் பக்கமும் காசில்லாமல் உங்கள் கைவழியாகப் போகிறது. அப்புறம், முதலாளியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: ராத்திரி கடை மூடும்போது அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது எந்தப் பேப்பர்?