சட்டமன்றம் நிறைவேற்றிய நாளும் சட்டம் அமலான நாளும்

கேள்வி: அசோக் நகரில் 12 வீடுகள் கொண்ட எங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துக் கட்ட 9 பேர் சம்மதித்தனர். 2023 ஜனவரியில் பொதுக்குழுத் தீர்மானமும், மார்ச்சில் பில்டருடன் ஒப்பந்தமும் முடிந்தன. மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்னும் சட்டம் 2022-லேயே சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தும், மறுத்த மூவர் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றுள்ளனர். கார் நிறுத்துமிடத் தகராறில் தொடங்கிய பழைய பகையே இதற்குக் காரணம். வீடு திரும்பக் கிடைக்கும்வரை வாடகைக்கு வங்கி உத்தரவாதம், அதே தளத்தில் வீடு என்று இப்போது பேரம் பேசுகின்றனர். செயலாளரான என்னை எல்லார் முன்னிலையிலும் ஒருமையில் பேசினர். என்ன செய்வது?

பதில்: கார் நிறுத்துமிடமும் ஒருமைப் பேச்சும் நீங்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் எதிருரையில் ஒரு வரிகூடப் பிடிக்க வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேறிய நாளில் நீங்கள் நம்பிய சட்டம் நடைமுறையில் இருந்ததா என்பதே வழக்கின் உயிர்நாடி. இல்லை என்பதே அதற்கு விடை.

மசோதா அவையில் நிறைவேறி, ஒப்புதல் பெற்று, அரசிதழில் வெளியாவது வரை நீங்கள் அறிந்ததே. அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் நாளில் அமலுக்கு வரும் என்று சட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கும். வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரர்கள் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் வரி அதுதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச் 6 அன்று. நாடாளுமன்றம் நிறைவேற்றிய 1995-ஆம் ஆண்டு டெல்லி வாடகைச் சட்டம் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கே வரவில்லை. 1978-இல் வந்த 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தில் தடுப்புக் காவல் பற்றிய 3-ஆவது பிரிவை அமலாக்கும்படி அரசுக்குக் கட்டளையிட, ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டது. ஆகவே உங்கள் 2023 தீர்மானத்தைத் தாங்க அன்று பழைய சட்டம் மட்டுமே இருந்தது. அதன்படி பிரிபடாத பாகம் (நிலத்தில் பிரிக்கப்படாத பொதுப் பங்கு) வைத்திருக்கும் ஒருவர் மறுத்தாலும் இடிப்பது கடினம்.

இப்போது சட்டம் அமலில் இருக்கிறதே, மீண்டும் கூடித் தீர்மானம் போட்டால் போதாதா என்பீர்கள். போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய கையொப்பத் தாளைப் பார்த்தேன். ஒன்பதில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காக அவருடைய மகன் பவர் பத்திரம் இல்லாமல் போட்டது. இன்னொருவர் அதன்பின் காலமாகி, வாரிசுகள் பெயரில் எதுவும் மாறவில்லை. எஞ்சுவது ஏழு. உங்களுக்குத் தேவை எட்டு.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் விழுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்ததும், மினிட்ஸ் புத்தகத்தில் விடுபட்ட பக்கத்தில் பழைய தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு சங்கம் அப்படியே செய்தது. சம்மதப் பத்திரத்தின் முகப்பில் ஒரு தேதி இருக்க, முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் முத்திரையோடு, தாளை விற்ற தேதியாக, அதற்குப் பல மாதங்கள் பிந்திய தேதி இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் தாளைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். உரிமையியல் வழக்காக இருந்த விவகாரம் கையெழுத்திட்ட செயலாளர்மீது பொய்யாவணப் புகாராக மாறியது. சங்கத்தின் மற்ற உறுப்பினர்கள் அன்று அவர் பக்கம் நிற்கவில்லை. உங்கள் வழக்கிலும் பிரதிவாதியாக உங்கள் பெயர் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

என் கருத்து கசப்பாக இருக்கலாம்: மூவருடனும் சமரசம் செய்யுங்கள். அவர்கள் கேட்பது பேரமோ பிடிவாதமோ அல்ல; பாதியில் பில்டர் வாடகையை நிறுத்திய குடும்பங்களைக் கண்ட எவரும் கேட்பது. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சமரச மையத்துக்கு வழக்கை அனுப்பும்படி மனுச் செய்து, வங்கி உத்தரவாதத்தைப் பன்னிரண்டு வீட்டாருக்கும் பொதுவாக ஒப்பந்தத்தில் சேருங்கள்; உங்களுக்கும் அது தேவைப்படும். சங்கத்தின் துணைவிதிகள் புதிய சட்டத்துக்கும் 2024-ஆம் ஆண்டு விதிகளுக்கும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, வாரிசுகளிடமும் வெளிநாட்டு உரிமையாளரிடமும் முறையான ஆவணம் பெற்று, அதன்பின் பொதுக்குழுவைக் கூட்டிப் புதிய தேதியிலேயே தீர்மானம் போடுங்கள். அதுவரை ஒருவரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள்.